லோபோஸ் முனைக்குச் சென்ற மாணவர்கள்



கவிதைக்கென அமைந்த ஒரு வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவில், ஒளிப்படக் கலை பயின்ற மாணவர் சிலரின் பயணத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற வினா எழக்கூடும். அம்மாணவரை அழைத்துச் சென்ற ஆசிரியர் முதலில் கவிதை எழுதியவர். அப்பயணத்தில் அவர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாடும் இந்த அவையிலுள்ள ஒவ்வொரு கவிஞரும் தம் மேசையில் நாள்தோறும் காண்பது. ஆகவே பொருந்தும் என்றே கொள்ளலாம்.

இடம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள பாயிண்ட் லோபோஸ். சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், கார்மல் என்னும் சிற்றூரை அடுத்துப் பசிபிக் பெருங்கடலுக்குள் நீண்டு கிடக்கும் பாறைமுனை அது. காலம், 1940களின் பிற்பகுதி. கலிபோர்னியா நுண்கலைப் பள்ளியின் ஒளிப்படத்துறை மாணவர்கள், தம் ஆசிரியர் மைனர் ஒயிட்டுடன் அங்குப் பலமுறை சென்றனர். கடற்கரையைப் படம் எடுப்பது ஒரு நோக்கம். அருகில் வாழ்ந்த எட்வர்டு வெஸ்டன் என்னும் ஒளிப்படக் கலைஞரைக் காண்பது மற்றொரு நோக்கம்.

முதலில் அந்த முனையின் பெயர். கடல் ஓநாய்களின் முனை என்று ஸ்பானியர் அதற்குப் பெயரிட்டனர். கரையோரப் பாறைகளில் படுத்துக் குரைக்கும் கடற்சிங்கங்களையே அவர்கள் ஓநாய் என்றனர். கடினமான கருங்கல் இனப் பாறை ஒருபுறம். அதன்மேல் படிந்து இறுகிய மணற்பாறையும் கூழாங்கல் திரளும் மறுபுறம். ஒன்றை அலை உடைக்கிறது. மற்றொன்றை அரித்துக் குடைந்து, சுருள் சுருளாகவும் குழி குழியாகவும் செதுக்குகிறது. மான்டெரே சைப்பிரஸ் என்னும் மரம் இயற்கையாக வளரும் தோப்புகள் உலகில் இரண்டே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று இங்கே. கடற்காற்று ஒரே திசையில் அறைந்து அறைந்து அம்மரங்களை முறுக்கி வளைத்திருக்கிறது. கவிஞர் ராபின்சன் ஜெஃபர்ஸ் கார்மலில் தம் கையாலேயே கல் அடுக்கி வீடும் கோபுரமும் கட்டி வாழ்ந்தவர். 1924இல் வெளிவந்த அவருடைய 'தாமார்' என்னும் நெடுங்கதைக் கவிதைக்குக் களம் இம்முனைதான்.

இவ்வளவும் சொன்னால், மனிதர் கால் படாத கன்னிநிலம் போலத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பிவிடுவது பிழை. 1850களில் சீன மீனவக் குடும்பங்கள் இங்கு வந்து குடியேறின. அவர்கள் கட்டிய மரக்குடில் ஒன்று இன்றும் நிற்கிறது. பின்னர் அசோரஸ் தீவுகளைச் சேர்ந்த போர்த்துகீசியர் வந்து திமிங்கில வேட்டையாடினர். கருங்கல் வெட்டி எடுக்கப்பட்டது. 1897இல் ஜப்பானிலிருந்து வந்த கென்னோசுகே கொடானி, அபலோனி என்னும் பெருஞ்சிப்பியை மூழ்கி எடுக்கும் தொழிலைத் தொடங்கினார். நிலத்தின் உரிமையாளராகிய ஆலன் என்பாரோடு கூட்டாக, அச்சிப்பி இறைச்சியைத் தகரக் குப்பியில் அடைக்கும் ஆலையும் நடந்தது. இந்நிலம் முன்பு வீட்டுமனைகளாகப் பிரித்து விற்கப்பட்டிருந்தது. விற்ற மனைகளை ஆலன் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினார். 1933இல் இது மாநிலப் பாதுகாப்பு நிலமாயிற்று. திமிங்கிலக் கொழுப்பு காய்ச்சிய புகையும், சிப்பி உலர்த்திய வாடையும், கல்லுடைத்த ஓசையும் அடங்கிய பிறகுதான் அந்த முனை காட்சிப் பொருளாயிற்று. புகழ்பெற்ற படங்களில் அந்த உழைப்பாளிகள் எவரும் இல்லை. கடற்கரை அழகைப் பாடப் புகுவோர் இதைச் சற்றே நினைவில் வைப்பது நல்லது.

வெஸ்டன் 1929இல் கார்மலுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 42. எட்டு அங்குலத்துக்குப் பத்து அங்குலம் அளவுள்ள தகடு கொள்ளும் பெரிய கேமராவைத் தோளில் சுமந்துகொண்டு அம்முனையில் நடந்தார். சைப்பிரஸ் மரத்தின் வேர், கரையில் ஒதுங்கிய கடற்பாசியின் சுருள், அரிக்கப்பட்ட பாறையின் ஒரு முழ அளவு என, கிட்டப் போய்க் குனிந்து பார்த்த படங்கள் அவை. வானமும் தொடுவானமும் பெரும்பாலும் அவற்றில் இடம்பெறவில்லை. 1937இல் குகன்ஹைம் நல்கையைப் பெற்ற முதல் ஒளிப்படக் கலைஞர் அவரே. இரண்டாம் உலகப்போரின்போது அம்முனையைப் படைத்துறை பயன்படுத்திக்கொண்டது. தம் கடற்கரை தமக்கே மூடப்பட்டிருந்த காலத்தில், அவர் வீட்டைச் சுற்றித் திரிந்த பூனைகளைப் படம் எடுத்தார். போர் முடிந்து அவர் திரும்பி வந்து எடுத்த படங்கள் முன்னவற்றைப் போன்றவை அல்ல. இருள் கூடியவை, அகன்றவை, குறையும் சிதைவும் கொண்டவை. அதற்குள் பார்க்கின்சன் நோய் அவர் உடலில் குடியேறியிருந்தது.

இனிப் பள்ளியைப் பற்றி. சான் பிரான்சிஸ்கோவின் அந்த நுண்கலைப் பள்ளியில் ஒளிப்படத்துறையை நிறுவியவர் ஆன்சல் ஆடம்ஸ். 1946இல் மைனர் ஒயிட் அங்கே ஆசிரியராக வந்து சேர்ந்தார். ஆடம்ஸ் தேசியப் பூங்காக்களைப் படம் எடுக்கச் சென்றபின் கற்பிக்கும் பொறுப்பில் பெரும்பகுதி ஒயிட்டின் மேல் விழுந்தது. மாணவரில் பலர் பிஞ்சு இளைஞர் அல்லர். போரிலிருந்து திரும்பிய வீரர்கள். 1944இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, படைவிட்டு வந்தோரின் கல்விச் செலவை அரசே ஏற்க வழி செய்திருந்தது. அந்தப் பணத்தில் மருத்துவம் படித்தவர் உண்டு, பொறியியல் படித்தவர் உண்டு. இவர்கள் கல்லையும் அலையையும் பார்க்கக் கற்றுக்கொள்ள வந்தார்கள்.

ஆசிரியரும் போரிலிருந்து வந்தவரே. மைனர் ஒயிட் 1908இல் மினியாபோலிஸ் நகரில் பிறந்தவர். தாவரவியல் பட்டம் பெற்றவர். பட்டம் பெற்றபின் சில ஆண்டுகள் உணவு பரிமாறும் வேலை பார்த்துக்கொண்டே, நூறளவில் பதினான்கடிப் பாக்களைத் தொடராக எழுதினார். பிறகு ஒரு சிறு கேமராவை வாங்கிக்கொண்டு மேற்கே போனார். 1942இல் படையில் சேர்க்கப்பட்டுப் பிலிப்பைன்ஸ் போர்முனையில் பணியாற்றினார். போர் முடிந்தபின் நியூயார்க்கில் முதியவர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸைச் சந்தித்தார். தம்மால் இனியும் படம் எடுக்க இயலுமா என்ற ஐயம் அப்போது அவரை வாட்டியது. எப்போதேனும் காதல்வயப்பட்டதுண்டா என்று ஸ்டீக்லிட்ஸ் கேட்டாராம். உண்டு என்றதும், அப்படியானால் படம் எடுக்கவும் முடியும் என்றாராம். ஒயிட் பிற்காலத்தில் இதைப் பலரிடமும் சொல்லி வந்தார்.

இத்தகைய ஆசிரியரும் இத்தகைய மாணவரும் கருவிகளோடு அந்த முனையில் வந்து இறங்குவதைக் கற்பனை செய்துகொள்ளலாம். அக்காலத்துப் பெரிய கேமரா ஒரு பெட்டி. முன்னே வில்லை, பின்னே தேய்த்த கண்ணாடி, இடையே துருத்தி. மூன்றுகால் தாங்கியைப் பாறை இடுக்கில் ஊன்றி, கறுப்புத் துணியைத் தலைமேல் போர்த்திக்கொண்டு அக்கண்ணாடியைப் பார்த்தால் உலகம் தலைகீழாகத் தெரியும். இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறியிருக்கும். கடல் மேலே, வானம் கீழே. பழகிய பொருளின் பெயர் அந்த நிலையில் மறந்துபோகும். வடிவமும் ஒளியும் நிழலும் மட்டுமே எஞ்சும். ஒரு சட்டத்தில் இரண்டே தகடுகள். ஒருநாள் முழுதும் நடந்தாலும் ஒரு மாணவன் எடுத்து வரக்கூடியவை விரல்விட்டு எண்ணத்தக்க படங்களே. வில்லையின் துளையை மிகச் சிறிதாக்கினால்தான் அருகிலுள்ள கல்லும் தொலைவிலுள்ள அலையும் ஒருங்கே துல்லியமாகும். துளை சிறுத்தால் ஒளி புகும் நேரம் நீள வேண்டும். நேரம் நீண்டால் காற்றில் ஆடும் புல் கலங்கிப் போகும். காற்று அடங்கும் ஒரு நொடிக்காகக் காத்து நிற்பதே வேலையில் பாதி.

ஆடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் வகுத்த மண்டல முறையை ஒயிட் அவர்களுக்குக் கற்பித்தார். கறுப்பிலிருந்து வெண்மை வரை உள்ள சாயைகளைப் படிகளாகப் பகுத்து, நிழலின் எந்த இடம் எந்தப் படியில் விழ வேண்டும் என்று படம் எடுக்கும் முன்பே மனத்தில் தீர்மானித்துக்கொள்ளும் முறை அது. நிழலுக்கேற்ப ஒளியை விடு. வெளிச்சத்துக்கேற்பக் கழுவு என்பது அதன் சாரம். யாப்பிலக்கணம் போன்றதே. கற்கும்போது கை கட்டப்பட்டது போல் இருக்கும். (இங்கு ஒரு சிறு செய்தி. அந்நாளில் பெரும்பாலோர் கையில் வைத்திருந்த ஒளிமானியின் பெயரும் வெஸ்டன். அதற்கும் கார்மல் வெஸ்டனுக்கும் தொடர்பில்லை. அதே எட்வர்டு வெஸ்டன் என்ற பெயர்கொண்ட வேறொரு மின்னியல் அறிஞரின் நிறுவனம் செய்தது அது.)

கடற்கரையிலிருந்து மாணவர்கள் வெஸ்டனின் வீட்டுக்குச் செல்வர். காட்டுப்பூனைக் குன்று என்று பெயர்கொண்ட அந்த எளிய மரவீட்டை 1938இல் அவருடைய மகன் நீல் கட்டிக் கொடுத்தார். அங்கே வெஸ்டன் விரிவுரை ஆற்றவில்லை. படங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தாங்கியில் வைப்பார்; பார்ப்பவர் பார்த்து முடிக்கும்வரை காத்திருப்பார்; அடுத்ததை வைப்பார். நோய் முற்ற முற்ற அந்தக் கை நடுங்கியது. தாம் காலையில் கண்ட அதே பாறையை, அதே வேரை, அந்தக் கை எப்படிப் பார்த்திருந்தது என்பதை மாணவர்கள் அங்கே கண்டனர்.

இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. அந்தப் படங்களைக் கண்டபின் மீண்டும் கடற்கரைக்குச் சென்றால், எங்குத் திரும்பினும் வெஸ்டன். பாறையின் வளைவு வெஸ்டனுடைய வளைவு; பாசியின் சுருள் அவருடைய சுருள். தம் கண்ணால் காண்பதாக எண்ணி அவர்கள் அவர் கண்ணால் கண்டார்கள். தொழில்நுட்பத்தில் குறை சொல்ல முடியாத, ஆனால் முன்பே எடுக்கப்பட்டுவிட்ட படங்கள் குவிந்தன. இதில் நகைக்க ஒன்றுமில்லை. புன்னையும் அடும்பும், கழியும் நாரையும் ஈராயிரம் ஆண்டுகளாகச் சொல்லில் ஏறிக் கிடக்கும் ஒரு மொழியில் கடலைப் பற்றி எழுத உட்காரும் கவிஞருக்கு, அம்மாணவரின் திகைப்பை விளக்க வேண்டியதில்லை. போரைக் கண்டு வந்தவர்களுக்கு இது இன்னும் கடினம். அவர்களிடம் சொல்ல வேண்டியது இருந்தது. அதைச் சொல்லக் கிடைத்த மொழியோ மற்றொருவருடையது.

மைனர் ஒயிட் இதற்குக் கண்ட வழி, ஸ்டீக்லிட்ஸிடம் பெற்றது. ஸ்டீக்லிட்ஸ் 1920களில் மேகங்களைப் படம் எடுத்து, அவற்றைத் தம் உணர்வுக்கு 'நிகரானவை' என்று பெயரிட்டார். மேகம் மேகந்தான், அதே வேளையில் பார்ப்பவர் உள்ளத்தில் எழும் ஒன்றுக்கு அது ஈடாக நிற்கிறது. வெஸ்டன் பொருளின் மெய்யைத் தேடினார். அந்தப் பொருள் வேறு என்னவாகவும் இருக்கிறது என்று கேட்குமாறு ஒயிட் மாணவரைத் தூண்டினார். பாறையைக் காட்டு, ஆனால் அதைக் கண்டவருக்குப் பாறை மட்டும் தெரியக் கூடாது.

தமிழ் படித்தோர்க்கு உள்ளுறையும் இறைச்சியும் உடனே நினைவுக்கு வரும். ஒப்புமை உண்மையானதே, ஆயினும் ஒரு வேற்றுமையை மறைத்துவிடலாகாது. நெய்தல் நிலத்துக் கருப்பொருளைச் சொல்லி உரிப்பொருளை உணர்த்திய பழம்புலவருக்குக் கேட்போர் துணை நின்றனர். இந்நிலத்துக்கு இவ்வுணர்வு என்ற மரபு இருவருக்கும் பொதுச்சொத்து. அதனால் புலவர் பாதியைச் சொல்லாமலே விட முடிந்தது. ஒயிட்டுக்கு அப்படி ஒரு பொதுச்சொத்து இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் காட்சிக்கூடத்தில் நிற்பவர் ஒரு பாறைப் படத்தில் எதை வேண்டுமானாலும் காணலாம். எதையும் காணாமலும் போகலாம். ஆகவே அவர் படங்களைத் தனித்து வைக்காமல் தொடராக அடுக்கினார். முன்படம் பின்படத்துக்குப் பொருள் தர, இரண்டு படங்களுக்கு இடையே உள்ள வெளியில் பார்ப்பவர் வேலை செய்ய வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. பாக்களைத் தொடராக எழுதிய பழக்கம் இங்கே வேறு உருவில் திரும்பி வந்தது.

அந்தத் தொடர்களுள் முதலாவதற்கு அவர் இட்ட பெயர் 'உறுப்பு நீக்கங்கள்' என்று பொருள்படுவது. படைவீரரின் முகங்களையும் நிலக்காட்சிகளையும் தம் கவிதைகளையும் ஒன்றாகக் கோத்தார். சான் பிரான்சிஸ்கோவின் கலைக்கூடம் ஒன்றில் அதைக் காட்சிக்கு வைக்க ஏற்பாடாகியிருந்தது. கவிதைகளை நீக்கிவிட்டுப் படங்களை மட்டும் வைக்கலாம் என்ற நிலை வந்தபோது அவர் உடன்படவில்லை, காட்சி நடைபெறவில்லை. போரில் வென்ற நாடு தன் வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில், அக்கவிதைகள் இழப்பைப் பற்றி ஐயத்தோடு பேசின. படத்தை விடச் சொல்லே அஞ்சத்தக்கதாகத் தோன்றியிருக்கிறது. கவிஞர்கள் இதில் சற்றுப் பெருமை கொள்வதில் தவறில்லை.

ஒயிட்டின் வழி எல்லோர்க்கும் உதவியது என்று சொல்வதற்கில்லை. உட்பொருளைத் தேடும் பழக்கம் முற்றினால் பொருளே காணாமல் போகிறது. பிற்காலத்தில் அவரைப் பின்பற்றிய சிலருடைய படங்களில் பனிமூட்டமும் மர்மமும் மிஞ்சின. கல் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. வெஸ்டனின் படத்தில் கல் ஒருபோதும் காணாமல் போவதில்லை.

அந்தத் துறையில் பயின்றவர்கள் பின்னர் என்ன ஆயினர் என்று பார்ப்பதே சுவையானது. பிலிப் ஹைட் இயற்கைக் காட்சியை விட்டு அகலவே இல்லை. ஆயினும் அவர் படங்கள் சுவரில் தொங்குவதற்கு மட்டும் பயன்படவில்லை. அணைகட்டி மூழ்கடிக்கப்படவிருந்த எக்கோ பார்க் பள்ளத்தாக்கைக் காக்க 1955இல் வெளிவந்த நூலில் அவை இடம்பெற்றன, அணை கட்டப்படவில்லை. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள பாயிண்ட் ரேஸ் கடற்கரையைப் பற்றிய நூலுக்கும் அவர் படம் எடுத்தார். 1962இல் அந்நூல் வந்த ஆண்டிலேயே அக்கடற்கரை தேசியக் கரையாகச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. ஒரு நூலால் மட்டுமே சட்டம் வந்துவிடாது. பலர் பல்லாண்டு போராடினர். அப்போராட்டத்தில் அவர் படங்களுக்கும் பங்கு உண்டு.

பெஞ்சமின் சின் சான் பிரான்சிஸ்கோவின் சீனர் தெருக்களில் பிறந்தவர். போர்ப்பணி முடித்து வந்து பயின்றவர். அவர் தம் தெருவுக்குத் திரும்பினார். வெளியார் வந்து விந்தையாகப் பார்த்துப் படம் எடுத்துப் போன அந்தத் தெருவின் முதியவர்களையும் சிறுவர்களையும் கடை வாசல்களையும், அங்கேயே வளர்ந்தவர் பார்க்கும் விதமாகப் பார்த்தார். பிர்க்கிள் ஜோன்ஸ் 1956இல் டோரதியா லாங்குடன் சேர்ந்து, அணைநீரில் மூழ்கவிருந்த பெரியெஸா பள்ளத்தாக்கின் இறுதி நாட்களைப் பதிவு செய்தார். தோட்டங்கள் வெட்டப்பட்டதையும், வீடுகள் பெயர்க்கப்பட்டதையும், கல்லறையிலிருந்து இறந்தோர் எடுத்துச் செல்லப்பட்டதையும் எடுத்த படங்கள் அவை. 1968இல் அவரும் அவர் மனைவி ரூத்-மரியன் பாரூக்கும் கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்தாரைப் படம் எடுத்தனர். மேற்சொன்ன இவர் மூவர் படங்களிலும் லோபோஸ் முனை இல்லை. அங்குக் கற்ற பொறுமை மட்டும் இருக்கிறது: காற்று அடங்கும்வரை நிற்பது, நிழலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது.

மைனர் ஒயிட் 1952இல் நண்பர்களோடு 'அப்பர்ச்சர்' என்னும் இதழைத் தொடங்கினார், 1953இல் ரோச்செஸ்டர் நகருக்குச் சென்றார், 1976இல் மறைந்தார். அந்த நுண்கலைப் பள்ளி பின்னர்ச் சான் பிரான்சிஸ்கோ கலைக் கழகம் என்று பெயர் மாறி, 2022இல் வகுப்புகளை நிறுத்தி மூடப்பட்டது. 

வெஸ்டன் தம் கடைசிப் படங்களை 1948இல் லோபோஸ் முனையிலேயே எடுத்தார். அவற்றுள் ஒன்றில் சைப்பிரஸ் இல்லை, அலை இல்லை, முன்பு அவர் தேடிச் சென்ற வளைவுகளும் இல்லை. மணல்மேல் சிதறிக் கிடக்கும் சில கற்கள். எவரும் கடந்து போயிருக்கக்கூடிய கற்கள். அதன்பின் பத்தாண்டுகள் அவர் வாழ்ந்தும் கேமராவைத் தொட இயலவில்லை. தேர்ந்தெடுத்த 800க்கும் மேற்பட்ட எதிர்மறைகளை மகன் பிரெட் அச்சிட, தந்தை அருகிலிருந்து ஒவ்வொன்றையும் பார்த்து ஒப்பினார். 1958 சனவரி 1ஆம் நாள் அவர் இறந்தார். அவர் சாம்பலை மக்கள் அம்முனையின் கடற்கரை ஒன்றில் கரைத்தனர். கூழாங்கல் கரை என்று வழங்கிய அந்த இடம் இப்போது அவர் பெயரால் வழங்குகிறது. அங்கே கல்லையோ சிப்பியையோ எடுத்துச் செல்லத் தடை உண்டு; பாதைகளின் ஓரம் கம்பி கட்டியிருக்கிறார்கள். மூன்றுகால் தாங்கிகளோடு மாணவர்கள் இன்னும் வருகிறார்கள்.